யானை தின்ற கூரையும் இரவல் நாற்காலியும்

நயா நாலா கிராமம்,
பாம்பூஃப்ளாட் வழி,
தென் அந்தமான்.
சித்திரை மாதக் கடைசி, 1964

அன்புள்ள தம்பி திருநாவுக்கரசுக்கு, அக்காள் நீலாவதி ஆயுசும் அறிவும் பெருகும்படி வாழ்த்தி எழுதுவது. இங்கே நான், மகன் கோவிந்தராஜ், மருமகள் ஜெயமணி, பேத்தி ருக்கு, இரண்டு ஆடு, எல்லோரும் கடல்காற்றின் தயவில் சுகம். சுகமில்லாதது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அங்கே நீயும் உன் வீட்டாரும் அருப்புக்கோட்டை வெயிலில் வாடாமல் இருக்கிறீர்களா என்று விவரமாக எழுதவும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் இப்போது வரப்போகிற மெட்ராஸ் கப்பலில் உனக்கு வரும். அதற்கு அடுத்த கப்பலில் ருக்கு வருவாள். எங்கள் ஊர்ச் சண்முகமும் அவன் சம்சாரமும் லீவில் மெயின்லாண்டு போகிறார்கள், அவர்களோடு அனுப்புகிறேன். நீ துறைமுகத்துக்கே போய்ப் பிள்ளையைக் கையோடு அழைத்து வந்து உன் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட வேண்டியது. நீ அங்கே கணக்கு வாத்தியாராக இருப்பதால் இடம் கேட்டு யார் வாசலிலும் நிற்க வேண்டியிராது. அக்காள் திடுதிப்பென்று எழுதுகிறாளே என்று நினைக்காதே. நான் அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. இந்த ஊரில் மாஸ்டரை விட்டால் தமிழில் ஒழுங்காக விலாசம் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். யோசித்துத்தான் எழுதுகிறேன். நடந்ததைக் கேட்டால் நீயே கப்பல் பிடித்து வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போவாய்.

முதலில் எங்கள் பள்ளிக்கூடம் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரிய வேண்டும். உங்கள் பள்ளிக்கூடம் மாதிரி மாடி, காம்பவுண்டு, மத்தியானம் சோடா விற்கிறவன் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு படிக்காதே. ஒரே அறை. தூண்கள் மட்டும் படாக் மரம். அந்த மரத்தில் மெட்ராஸில் பணக்காரர்கள் கட்டில் செய்து படுக்கிறார்களாம், இங்கே அதில் பிள்ளைகள் மூக்கைத் துடைக்கிறார்கள். மேலே இலைக்கூரை, கீழே மண் தரை, நடுவில் மத்தியாஸ் மாஸ்டர். தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், நல்ல மனுஷர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போட் ஏறிப் போகிறவர். ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவரே வாத்தியார், அவரே பியூன், காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுப்பவரும் அவரே. ஒன்றாம் வகுப்பு கிழக்கே பார்த்து உட்காரும், இரண்டாம் வகுப்பு மேற்கே, மூன்று வடக்கே, நாலு தெற்கே. ஐந்தாம் வகுப்புக்குத் திசை மிச்சமில்லாததால் வாசலில் உட்காரும். ருக்கு அங்கேதான் ஒரு வருஷம் படித்தாள். மழை வந்தால் ஐந்தாம் வகுப்பு உள்ளே ஓடி வந்து மூன்றாம் வகுப்பின் மடியில் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகளிலே தமிழ்ப் பிள்ளை, வங்காளிப் பிள்ளை, தெலுங்குப் பிள்ளை, ராஞ்சிப் பிள்ளை எல்லாம் ஒரே பாயில். மாஸ்டர் ஒரு பாடத்தைத் தமிழில் சொல்லி, அதையே இந்தியில் சொல்லி, வங்காளிப் பிள்ளைக்குக் கையைக் காலை ஆட்டிக் காட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். மணியையும் அவரேதான் அடிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் முதல் பாடம் அட்டை பிடுங்குவது. காட்டுப் பாதையில் வருகிற பிள்ளைகள் காலில் அட்டையோடுதான் வரும். ஆளுக்கொரு சிறு துணிமுடிச்சில் சுண்ணாம்பும் உப்பும் கொண்டுவர வேண்டும், சிலேட்டு இல்லாவிட்டாலும் மாஸ்டர் விடுவார், முடிச்சு இல்லாவிட்டால் விடமாட்டார். பாடப் புத்தகம் மெயின்லாண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். போன வருஷப் புத்தகம் பரீட்சை முடிந்த மறுவாரம் வந்தது, அதுவும் அப்பளம் போல் நனைந்து. கரும்பலகை ஒன்று உண்டு, ஆனால் பாதிதான் உண்டு. மற்றப் பாதி ஒரு புயலில் பறந்து உப்பங்கழியில் விழுந்து, யாரோ எடுத்துத் தன் டோங்கிப் படகின் பக்கத்தில் பலகையாக அடித்துக்கொண்டான். அதில் பெயிண்டில் எழுதிய எட்டாம் வாய்ப்பாடு இன்னும் அழியவில்லை. எட்டாம் வாய்ப்பாடு மறந்துபோன பிள்ளை ஜெட்டிக்கு ஓடிப் பார்த்துவிட்டு வரும். டோங்கி மீன் பிடிக்கப் போயிருந்தால் அன்றைக்கு அந்த வாய்ப்பாடு கிடையாது.

இத்தனையும் பொறுத்துக்கொண்டோம். பங்குனி மாதத்தில் யானை வந்து கூரையைத் தின்றுவிட்டது. நீ சிரிப்பாய் என்று தெரியும், சிரித்து முடித்துவிட்டு மேலே படி. கோவிந்தராஜ் காட்டிலாகா மரக் கேம்பில் மேஸ்திரி என்று உனக்குத் தெரியுமல்லவா. அங்கே மரம் இழுக்கிற யானைகளை வேலை முடிந்ததும் காட்டில் மேய விடுவார்கள். அதில் பவானி என்று ஒரு பெண் யானை, வயசாளி, ருசி பார்த்துச் சாப்பிடுகிற ஜாதி. காட்டில் தழை காய்ந்துபோன நேரம். ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் கோவிலில் முழங்கால் போட்டிருக்க, இது இங்கே பள்ளிக்கூடத்துக் கூரையை உருவி உருவித் தின்றுவிட்டுப் போய்விட்டது. முழுதும் தின்னவில்லை. மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்புப் பக்கம் மட்டும். திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து அண்ணாந்து பார்த்தால் வானம். மாஸ்டர் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஏ கோவிந்தராஜு, ஒங்க ஆனை செஞ்ச வேலயப் பாத்தீரா?"

"எங்க ஆனையா? அது சர்க்கார் ஆனை, மாஸ்டர்."

"கூரையும் சர்க்கார் கூரைதான வே. அப்ப சர்க்காரே சர்க்காரத் தின்னுட்டுன்னு எழுதிப்புடட்டுமா?"

எழுதித்தான் போட்டார். காட்டிலாகா ஆபீசிலிருந்து முதலில் பதில் வந்தது. யானைக்கு அளக்கிற தீனியில் கூரை இலை சேராது, ஆகையால் யானை அதைத் தின்றிருக்க முடியாது என்று. பவானியிடம் அதைப் படித்துக் காட்டலாமா என்று மாஸ்டர் கேட்டார். அடுத்தது கல்வி ஆபீசிலிருந்து. ஒரு பெரிய சாப், அதாவது அதிகாரி, நேரில் வருவார், என்னென்ன குறை என்று கண்ணால் பார்ப்பார், பார்த்து வேண்டியது செய்வார். அவரிடம் என்னென்ன கேட்பது என்று எங்கள் வீட்டில் வைத்துத்தான் பேசினோம். கூரை, பெஞ்சு, இன்னொரு மாஸ்டர் என்று மத்தியாஸ் மாஸ்டர் சொல்லிக்கொண்டு வந்தார். ஆறாம் வகுப்பும் கேளுங்கள், ருக்கு ஐந்து முடிக்கப் போகிறாள் என்று நான் சொன்னேன்.

"பெரியம்மா, அஞ்சுக்கே கூரை இல்ல. ஆறாவத ஆனை மேல வச்சா நடத்த?" என்றார். ஆனாலும் கேட்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

இனிமேல்தான் ஊர் ஜனங்கள் செய்த கூத்து. மாஸ்டர் ஊரைக் கூட்டி, "யாரும் ஒண்ணும் செய்யாண்டாம், கையக் கட்டிட்டுச் சும்மா நின்னாப் போதும், அவரு பாத்துட்டுப் போவட்டும்" என்று தெளிவாகத்தான் சொன்னார். நானும் ஆமாம் என்றுதான் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை கூடச் சொன்னேன். அவ்வளவு பெரிய மனுஷர் முதன்முதலாக ஊருக்கு வருகிறார், மண் தரையிலா உட்காருவார், எங்கள் வீட்டு நாற்காலி ஒன்றைப் போடுகிறேன் என்றேன். இது தப்பா? நீயே சொல். நாற்காலி என்று நான் வாயெடுத்ததும் வங்காளித் தெரு ஹரிபதா பாபுவின் சம்சாரம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் காலை அவர்கள் வீட்டு மேஜை பள்ளிக்கூடத்தில் இருந்தது. மேஜை வந்ததைப் பார்த்துத் தெலுங்குக்கார ரேஷன் கடைக்காரர் தன் கடைக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மாட்டினார். அப்புறம் யார் யாரை நிறுத்துவது? ராஞ்சிக்காரர்கள் ஒரே நாளில் மூங்கில் வெட்டி பெஞ்சு பின்னிவிட்டார்கள். மேப் இல்லையே என்று போட் ஓட்டுகிற சாரங் தன் கடல் மேப்பைக் கொண்டுவந்து தொங்கவிட்டான். அதில் ஊரே கிடையாது, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று மட்டும்தான் இருக்கும், ஆனால் சுவருக்கு எடுப்பாக இருந்தது. கூரைதான் பாக்கி. கோவிந்தராஜ் கேம்பில் சாமான் மூடுகிற தார்ப்பாயை இரண்டு நாள் இரவல் வாங்கிக் கட்டி, மேலே புது இலையைப் பரப்பினான். நான் சொல்லித்தான் என்று ஜெயமணி எல்லோரிடமும் சொல்கிறாள். வானம் தெரிகிற இடத்தில் வைத்து ஒரு விருந்தாளிக்குச் சோறு போட முடியுமா என்று கேட்டேன், அவ்வளவுதான். மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, "இது எங்க பள்ளிக்கொடமா?" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்கே வழி தெரியவில்லை.

சாப் வந்தார். சாத்தம் ஜெட்டியில் போட் ஏறி, பாம்பூஃப்ளாட்டில் இறங்கி, அதற்கு மேல் ஜீப்பிலும் காலாலும் வந்து, வேர்க்க விறுவிறுக்க எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்து "அச்சா" என்றார். பெஞ்சைத் தட்டிப் பார்த்து "பஹுத் அச்சா" என்றார். மேப்பின் முன்னால் வெகுநேரம் நின்றார். இதுவரை பார்த்த பள்ளிக்கூடங்களிலே மேப் உள்ள பள்ளிக்கூடம் இதுதானாம். பிறகு பிள்ளைகளிடம், உங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இந்தியில் கேட்டார். பிள்ளைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டன. என் பேத்தி எழுந்து நின்றாள். சாப் உட்கார்ந்திருந்த நாற்காலி எங்கள் வீட்டு நாற்காலி, மேஜை ஹரிபதா பாபு வீட்டில் மீன் நறுக்குகிற மேஜை, கடிகாரம் ரேஷன் கடையுடையது, மேலே கட்டியிருப்பது மரக் கேம்பின் தார்ப்பாய் என்று ஒன்று விடாமல், தப்பில்லாத இந்தியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். உண்மை வெளியே வந்துவிட்டது, இனிக் குறை தெரிந்துவிடும் என்று மாஸ்டர் முகத்தில் வெளிச்சம் வந்தது. சாப் என்ன செய்தார் தெரியுமா? கண் கலங்கிவிட்டார். பள்ளிக்கூடத்துக்காகத் தங்கள் வீட்டுச் சாமானைக் கொடுத்த ஊரை இந்தத் தீவிலேயே பார்த்ததில்லையாம். எழுந்து நின்று எங்கள் எல்லோரையும் கும்பிட்டார்.

அப்புறம் சாப்பாடு. இலை போட்டு மீன் குழம்பு, வடை, பாயசம். சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டார், "இங்கே எந்தச் சீஸுக்காவது கமி உண்டா?" என்று, அதாவது எதற்காவது குறை உண்டா என்று. ஊரே மாஸ்டரைப் பார்த்தது. மாஸ்டர் வாயைத் திறந்தார். நான் அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு வடை வைத்தேன். உபசாரம்தானே. சாப் என் பக்கம் திரும்பி, "மாஜி, நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

"கமியா? குச் நஹி சாப். தோடா பாயசம் லேலோ" என்றேன், குறை ஒன்றுமில்லை, கொஞ்சம் பாயசம் போட்டுக்கொள்ளுங்கள் என்று.

நீ அங்கே முகத்தைச் சுளிப்பது இங்கே தெரிகிறது. நம் வீட்டு வாசலுக்கு வந்து இலையில் கை வைத்த மனுஷரிடம் நம் அம்மா குறை சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அரிசி இல்லாத நாளிலும் விருந்தாளி முன்னால் "எல்லாம் நெறைய இருக்கு" என்றுதானே சொல்வாள். ஹரிபதா பாபுவும் "ஸப் டீக் ஹை சாப்", எல்லாம் சரியாக இருக்கிறது என்றார், ரேஷன் கடைக்காரரும் அதையே சொன்னார். என்னை மட்டும் ஏன் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

பத்துப் பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. மாஸ்டர் அதை எங்கள் வீட்டுப் படியில் நின்று உரக்கப் படித்தார். ஊர் மக்கள் ஒத்துழைப்பினால் நயா நாலா பள்ளி எல்லா வசதியும் பெற்றுச் சிறப்பாக இருக்கிறது, ஆகையால் கூரைக்கும் பெஞ்சுக்கும் ஒதுக்கியதை வசதி குறைந்த வேறு பள்ளிக்குக் கொடுக்கிறோம், இரண்டாவது மாஸ்டரும் அங்கேயே போவார். படித்து முடித்து மடித்துப் பையில் வைத்தார்.

"கூரைன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன் பெரியம்மா. நீங்க அதுல வடையப் போட்டுட்டீங்க."

"நல்லா இருந்துச்சுல்ல?" என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்றைக்குச் சாயங்காலமே ரேஷன் கடைக்காரர் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போனார். மேஜை போயிற்று. மேப் கடலுக்குப் போயிற்று. தார்ப்பாயைக் கேம்பில் கேட்டார்கள். எங்கள் நாற்காலியை நான்தான் கடைசியாக எடுத்தேன் என்பதைக் குறித்துக்கொள். மழை இன்றைக்கோ நாளைக்கோ இறங்கிவிடும். ஆறாம் வகுப்பு என்ற பேச்சே இல்லை. கோவிந்தராஜ், ருக்குவுக்குக் கேம்ப் அடுப்படியில் எடுபிடி வேலை பார்த்து வைக்கிறேன், பெரியவளானதும் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அன்றைக்கு முடிவு செய்தேன், ருக்கு உன்னிடம் வர வேண்டும் என்று.

அவள் வர மாட்டேன் என்கிறாள். நேற்று நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்து கேட்டாள், "அப்பத்தா, நீங்க அஞ்சோட நின்னீங்கள்ல, நல்லாத்தான இருக்கீங்க? நானும் நின்னுக்கிறேனே." கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தேன். ஜெயமணி வந்து, "அத்தே, காம்பைச் சட்டியில போட்டுட்டு இலையக் கீழ போடுறீங்க" என்றாள். அதனால் நீ தாமதம் செய்யாமல் துறைமுகத்துக்கு வந்துவிடு. அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரிந்துவிட்டால் அனுப்ப மாட்டேன்.

அவளைப் பற்றிச் சில விஷயம். கோபம் வந்தால் இந்தியில்தான் பேசுவாள், உன் வீட்டார் பயப்பட வேண்டாம், பசித்தால் தமிழுக்கு வந்துவிடுவாள். மீன் இல்லாமல் சோறு இறங்காது, கருவாடாவது வாங்கி வை. ரயிலைப் பார்த்ததில்லை, முதலில் தூரத்தில் நிற்கவைத்துக் காட்டு. கடலில் நீந்துவாள், ஆனால் கிணற்றை எட்டிப் பார்க்க விடாதே, அதிலும் இறங்கிவிடுவாள். உண்மையை ஒன்று விடாமல் சொல்கிற பழக்கம் இருக்கிறது, அதைப் போகப் போகச் சரிசெய். சாயங்காலம் வாசலில் யாராவது உட்கார்ந்து அவளோடு பேச வேண்டும், இங்கே நான்தான் பேசுவேன், அங்கே யார் என்று யோசித்து வை.

உனக்கும் உன் சம்சாரத்துக்கும் குலதெய்வம் துணை நிற்கும். பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் குறையில்லாமல் வளரட்டும். பக்கத்து வீட்டில் என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் நன்மையே நினைக்கும் அக்காள்
நீலாவதி

பின்குறிப்பு: எஞ்சின் கோளாறென்று கப்பல் ஒரு மாதமாகியும் வந்து சேராததால் கவரை ஒட்டவில்லை, நல்லதாய்ப் போயிற்று. மேலே எழுதியதை உன்னோடு வைத்துக்கொள், பள்ளிக்கூடத்தில் யாருக்கும் படித்துக் காட்டாதே. துறைமுகத்துக்கும் போக வேண்டாம். அந்த சாப் போர்ட்பிளேரில் தன் மேலதிகாரியிடம் எங்கள் ஊரைப் பற்றி அப்படிப் புகழ்ந்திருக்கிறார். இவ்வளவு வசதியுள்ள பள்ளி ஐந்தாம் வகுப்போடு நிற்கலாமா என்று அந்த மேலதிகாரி கேட்டாராம். உத்தரவு வந்துவிட்டது. இந்த வருஷத்திலிருந்து ஆறாம் வகுப்பு. அதற்கென்று போர்ட்பிளேரில் டெய்ரி ஃபார்ம் என்கிற இடத்திலிருந்து செலின் டீச்சர் என்று ஒரு பெண் ட்ரங்க் பெட்டியோடு வந்து, பள்ளிக்கூடத்தைப் பார்த்து, "வேற எடமோ?" என்று கேட்டு அழுது, இப்போது எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். கூரைக்குக் காசு கிடையாது, வசதிதான் இருக்கிறதே. மற்ற ஊர் மாஸ்டர்கள் மாதம் ஒரு தடவை வந்து, பள்ளிக்கூடம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று பார்த்துவிட்டுப் போவார்களாம். ஆகையால் மேஜை, கடிகாரம், தார்ப்பாய் எல்லாம் திரும்பி வந்துவிட்டன, ஹரிபதா பாபு வீட்டில் மீனைத் தரையில் வைத்து நறுக்குகிறார்கள். ஆறும் ஐந்தும் செலின் டீச்சருக்கு, நாலும் மூன்றும் இரண்டும் மாஸ்டருக்கு, ஒன்றாம் வகுப்பு என் தலையில். சம்பளம் கிடையாது, நாற்காலி உண்டு, அது என் நாற்காலி. ருக்கு ஆறாம் வகுப்பில் உள்ளே உட்காருகிறாள், ஒன்றாம் வகுப்பில் சத்தம் அதிகம் என்று என்னைப் பற்றி டீச்சரிடம் சொல்லிவிட்டாள். ஆவணியில் உன் மகள் கல்யாணம் என்று எழுதியிருந்தாயே, மனதார ஆசீர்வாதம். வர முடியாது தம்பி, எனக்கு லீவு இல்லை.